பிந்தி வந்த சிங்கங்கள்

திருகோணமலையில் பிறந்தவனுக்கு நெல்சன் அந்நிய மனிதர் இல்லை. உலகத்திலேயே திறமான துறைமுகம் எங்களுடையதுதான் என்று அவர் சொன்னதாக ஊரில் எந்தக் கடைவாசலிலும் கேட்கலாம். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை. ஆனால் 1770களில், மீசை முளைக்காத பெடியனாக, 'சீஹோர்ஸ்' என்ற போர்க்கப்பலில் அவர் எங்கள் கடல்களுக்கு வந்தது உண்மை. சென்னைப் பட்டினத்தையும் பார்த்தார், எங்கள் குடாவையும் பார்த்தார். பிறகு காய்ச்சலில் விழுந்து சாகக் கிடந்து, 1776 இல் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்தக் காய்ச்சலில் போயிருந்தால் லண்டனின் நடுவில் அவர் பெயரில் நிற்கும் தூணும் இல்லை, தூணின் காலடியில் கிடக்கும் நான்கு சிங்கங்களும் இல்லை.

அந்தச் சிங்கங்களை நான் பார்த்தது பெரும்பாலும் இரவில். லண்டனில் இரவுப் பஸ் ஓட்டினேன். என்15 என்பது என் தடம்: ட்ரஃபல்கர் சதுக்கத்தைத் தொட்டு, ஸ்ட்ராண்ட் வழியாகக் கிழக்கே போய், பொப்ளர், கனிங் டவுன் தாண்டி, எங்கள் சனம் நிறைந்த ஈஸ்ட்ஹாமைக் கடந்து ரொம்ஃபோர்ட் வரைக்கும். 1980களில் லண்டன் இரவுப் பஸ்களை ஒழுங்குபடுத்தியபோது அந்தச் சதுக்கத்தைத்தான் மையமாக வைத்தார்கள். பாதாள ரயில் நின்ற பிறகு வீட்டுக்குப் போக வழியில்லாதவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து சேர்வார்கள்: ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவியவர்கள், அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தவர்கள், குடித்துவிட்டுத் தள்ளாடுபவர்கள், காதலில் தோற்றவர்கள். கைத்தொலைபேசியில் அவர்கள் கத்துவது எனக்குக் கேட்கும். "சிங்கத்தடியில் நிக்கிறன், வா" என்பதுதான் எல்லா மொழியிலும் செய்தி. நெல்சனடியில் நிற்கிறேன் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அவ்வளவு பணத்தையும் கல்லையும் கொட்டி ஒரு கடற்படைத் தளபதிக்குக் கட்டிய இடம் எப்படி நான்கு மிருகங்களின் பெயரில் வழங்கத் தொடங்கியது என்று அறிய எனக்கு ஆசை வந்தது. பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் நூலகத்துக்குப் போனேன்.

சதுக்கம் இருக்கும் இடத்தில் முன்பு அரச தொழுவம் இருந்தது. அதற்கும் முன்பு, நூற்றாண்டுகளாக, அரசரின் வேட்டைப் பருந்துகளை அங்கே வளர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதையெல்லாம் இடித்து வெளியாக்கினார்கள். 1838 இல் வடக்குப் பக்கத்தில் தேசிய ஓவியக்கூடம் திறந்தது. அதே வருடம் நெல்சனுக்கு நினைவுச்சின்னம் கட்ட ஒரு குழு கூடியது. பிறகு போட்டி வைத்து, வில்லியம் ரெயில்டன் என்பவரின் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தது: ஓர் உயர்ந்த தூண், உச்சியில் நெல்சன், அடியில் நான்கு சிங்கங்கள். சிங்கங்கள் முதல் வரைபடத்திலேயே இருந்தன. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சதுக்கத்தைத் திட்டமிட்ட சார்ல்ஸ் பாரிக்கு இந்தத் தூண் பிடிக்கவேயில்லை. அவரை யார் கேட்டது? 1840 இல் அடிக்கல் வைத்தார்கள். டார்ட்மோர் கருங்கல்லில் தூண் எழுந்தது. 1843 ஒக்டோபரில், சிலையை ஏற்றுவதற்கு முன், பதினான்கு கல்தச்சர்கள் தூணின் உச்சியில் மேசை போட்டு இராச்சாப்பாடு சாப்பிட்டார்கள். இந்த முழுச் சரித்திரத்திலும் எனக்குப் பொறாமை வந்த ஒரே ஆட்கள் அவர்கள்தான். நவம்பரில் ஈ. எச். பெய்லி செதுக்கிய நெல்சன் மேலே போனார். அதோடு பணம் தீர்ந்துவிட்டது. பொதுமக்கள் தந்த சந்தா போதவில்லை. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸ் அனுப்பிய 500 பவுணும் போதவில்லை. அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அரசாங்கம் பொறுப்பெடுத்தால் வேலை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1844 மே மாதம் சதுக்கத்தைச் சனத்துக்குத் திறந்துவிட்டார்கள். தூணடியில் சிங்கங்கள் இருக்க வேண்டிய நான்கு மூலைகளும் வெறுமையாகக் கிடந்தன. அந்த வெறுமை இருபது வருடத்துக்கு மேல் நீடித்தது.

இடையில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் போக முடியாது. தூணின் அடிப்பீடத்தில் நான்கு பக்கமும் நான்கு வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள் உண்டு. நெல்சனின் நான்கு சண்டைகள். பிரெஞ்சுக்காரரிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தவை. அவற்றில் கடைசியாக வந்த சென் வின்சன்ற் முனைச் சண்டைப் பலகையை வார்க்க எடுத்தவர்கள், வெண்கலத்துக்குள் இரும்பைக் கலந்து எடையைக் கூட்டிக் காட்டிவிட்டார்கள். பிடிபட்டு, வழக்காகி, பட்டறையின் பங்குதாரர்கள் சிறைக்குப் போனார்கள். பேரரசின் பெருமைமிகு நினைவுச்சின்னத்தில் நிறுவைக் கள்ளம்! இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. களவு எங்கள் ஊர் ஒப்பந்தகாரர்களின் தனிச்சொத்து என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

நெல்சன் சாகும் காட்சி தெற்குப் பலகையில் இருக்கிறது. ஜோன் எட்வர்ட் கேரு செய்தது. அதன் இடது பக்கத்தில், துப்பாக்கியும் கையுமாக ஒரு கறுப்பு மாலுமி நிற்கிறார். நெல்சனின் கப்பல்களில் ஆபிரிக்கரும் இந்தியரும் இருந்தார்கள் என்பது பெயர்ப் பட்டியல்களில் உள்ள சங்கதி. ஆனால் பட்டியல் காகிதத்தில் இருப்பது. இவர் வெண்கலத்தில், வைட்ஹாலைப் பார்த்தபடி, 1849 இலிருந்து நிற்கிறார். சதுக்கத்துக்கு வரும் ஆயிரத்தில் ஒருவர்கூட அவரைக் காண்பதில்லை. சிங்கத்தில் ஏறும் அவசரத்தில் இருப்பார்கள்.

சரி, சிங்கங்கள். முதலில் ஜோன் கிரஹம் லோ என்ற சிற்பியிடம் வேலையைக் கொடுத்தார்கள். ரெயில்டனோடு பேசிப் பார்த்த பிறகு தனக்கு வேண்டாம் என்று அவர் விலகிக்கொண்டார். பிறகு தோமஸ் மில்ன்ஸ் என்ற சிற்பியின் கல் சிங்கங்கள் பேச்சில் அடிபட்டன. அவையும் சரிவரவில்லை. மில்ன்ஸின் நான்கு சிங்கங்கள் இன்று இங்கிலாந்தின் வடக்கே, சோல்ட்டெயர் என்ற சின்ன ஆலை ஊரில் இருக்கின்றன. கம்பளித் துணியில் பெரும் பணக்காரரான டைட்டஸ் சோல்ட் தன் தொழிலாளருக்காகக் கட்டிய ஊர் அது. அதன் மண்டப வாசலிலும் எதிரேயுள்ள பள்ளிக்கூட வாசலிலுமாக இரண்டிரண்டு படுத்திருக்கின்றன. அவற்றுக்கு விழிப்பு, உறுதி, போர், சமாதானம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லண்டன் வேண்டாமென்றதால்தான் எங்களுக்குக் கிடைத்தது என்று அந்த ஊர்ச் சனம் பெருமையாகச் சொல்லும். பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல சிங்கங்கள். ஆனால் ட்ரஃபல்கர் சதுக்கத்தில் அந்தத் தூணுக்குக் கீழே வைத்திருந்தால் காணாமல் போயிருக்கும்.

1858 இல் அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது. அதைக் கேட்டு நாட்டின் சிற்பிகள் எல்லாரும் வாயில் கைவைத்தார்கள். சிங்கங்களைச் செய்யச் சொல்லி ஓர் ஓவியரைப் பிடித்தார்கள்: சேர் எட்வின் லான்ட்சீர். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. அந்த அளவில் ஒரு சிலை அவர் கையில் அதுவரை உருவானதில்லை.

ஏன் அவர்? காரணம் எளிது. மிருகம் என்றால் லான்ட்சீர், லான்ட்சீர் என்றால் மிருகம் என்று அந்தக் காலத்து இங்கிலாந்து நம்பியது. பதின்மூன்று வயதில் ரோயல் அக்கடமியில் படம் வைத்த பிள்ளை மேதை. விக்ரோறியா மகாராணியின் நாய்களையும் குதிரைகளையும் கிளியையும் வரைந்தவர். ஸ்கொட்லாந்து மலையில் கொம்பு விரித்து நிற்கும் கலைமான் படம் ஒன்றை நீங்கள் எங்காவது பிஸ்கற் பெட்டியிலோ விஸ்கிப் போத்தலிலோ பார்த்திருப்பீர்கள். அது அவருடையது, 1851. கறுப்பும் வெள்ளையுமான பெரிய நியூஃபவுண்ட்லாந்து நாய்ச் சாதி ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்தான். அவருக்குச் சிங்கமும் புதிதில்லை. இளமையில் ஸ்ட்ராண்ட் தெருவில் இருந்த எக்ஸெட்டர் சேஞ்ச் என்ற கட்டடத்தின் மேல்மாடி மிருகக்காட்சிக்குப் போய்க் கூண்டுச் சிங்கங்களை வரைந்திருக்கிறார். கீழே கடைகள், மேலே கர்ச்சனை. நான் இரவில் பஸ் ஓட்டிய அதே தெரு.

ஆனால் படம் வரைவது வேறு, நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கும் உருவத்தை ஏழு தொன் வெண்கலத்தில் நிறுத்துவது வேறு. லான்ட்சீருக்கு இது தெரிந்திருந்தது. தெரிந்ததாலேயே தொடங்காமல் இழுத்தார். உடம்பும் மனதும் ஏற்கெனவே நல்ல நிலையில் இல்லை. முப்பதுகளின் கடைசியில் ஒருமுறை மனம் உடைந்து விழுந்தவர், குடியும் சேர்ந்திருந்தது. இத்தாலியின் தூரின் நகரக் கலைக்கழகத்தில் உண்மைச் சிங்கத்திலிருந்து எடுத்த பாரிஸ் சாந்து அச்சு ஒன்று இருந்தது. அது வந்து சேரட்டும் என்று காத்திருந்தார். வருடங்கள் போயின. பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் எழுந்து சிங்கங்கள் எங்கே என்று கேட்டார்கள். பத்திரிகைகள் பகிடி பண்ணின.

மிருகக்காட்சிச்சாலையில் சிங்கம் ஏதும் செத்தால் உடலை அவருக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு இருந்தது. ஒரு நாள் அவர் வீட்டில் விருந்து நடந்துகொண்டிருக்கும்போது வேலையாள் வந்து, ஐயா சிங்கம் ஒன்று கேட்டிருந்தீர்களா என்று சாதாரணமாய் விசாரித்ததாக ஒரு கதை உண்டு. விருந்தினர் நடுங்கிப் போனார்களாம். செத்த சிங்கத்தை வைத்து வரைந்துகொண்டும் பிசைந்துகொண்டும் இருந்தபோது உடல் அழுகத் தொடங்கி, வேலை முடியுமுன் தூக்கி எறிய வேண்டி வந்தது என்றும், அதனால் பாதங்களை மட்டும் நாயைப் பார்த்துச் செய்து முடித்தார் என்றும் லண்டன் வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள். உண்மையோ என்னவோ, ஒருமுறை அந்தப் பாதங்களின் முன் போய் நின்று பாருங்கள். அதன் பிறகு அந்தக் கதையை மறக்க முடியாது.

அந்த நாட்களைக் காட்டும் படம் ஒன்று சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே, தேசிய உருவப்பட மாளிகையின் சேகரிப்பில் இருக்கிறது. ஜோன் பலன்ரைன் 1865 அளவில் தீட்டியது. மண்ணில் பிசைந்த மாபெரும் சிங்கம் ஒன்று அறை முழுவதையும் அடைத்துக் கிடக்கிறது. அதன் பக்கத்தில் நரைத்த மனிதர் ஒருவர் சின்னக் கருவியோடு நிற்கிறார், காலடியில் அவருடைய நாய். படம் கண்காட்சிக்கு வந்ததும் லான்ட்சீருக்குக் கடும் கோபம். சிங்கங்கள் வெளியே வருமுன் இதைக் காட்டிவிட்டார்களே என்று சண்டை பிடித்து, படத்தை எடுக்க வைத்தார். எனக்கு அந்தக் கோபம் விளங்கும். ஏழு வருடம் ஊரே சிரித்த வேலையை, அரைவாசியில் காட்டிவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மண் சிங்கத்தை வெண்கலமாக்கியவர் கார்லோ மரோக்கெட்டி. தூரினில் பிறந்து, பிரான்சில் வளர்ந்து, 1848 புரட்சிக்குப் பிறகு லண்டனுக்கு வந்த ஒரு பிரபு. வந்தேறி என்பதற்காக உள்ளூர்ச் சிற்பிகள் அவரை வெறுத்தார்கள். பாராளுமன்றத்துக்கு வெளியே வாளைத் தூக்கிக்கொண்டு குதிரையில் நிற்கும் ரிச்சர்ட் மன்னர் அவர் செய்தவர்தான். தென் கென்சிங்டனில் வீட்டோடு வார்ப்புப் பட்டறையும் வைத்திருந்தார். லான்ட்சீருக்கு 6,000 பவுண்; வார்ப்புக்கு 11,000 பவுண். முழுத் தூணுக்கும் ஆன செலவு 47,000 பவுண் என்று கணக்குச் சொல்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த நான்கு சிங்கங்களுக்கே போயிருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம்.

1867 சனவரி 31 ஆம் திகதி சிங்கங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. நெல்சன் மேலே போய் இருபத்துமூன்று வருடம் கழிந்திருந்தது. அந்த வருடம் முடியுமுன் மரோக்கெட்டி இறந்தார்.

குறை சொன்னவர்கள் ஏராளம். சிங்கம் இப்படிக் கிடக்காது என்றார்கள். முன்கால்களை நாயைப் போல முன்னே நீட்டியிருப்பது பிழை என்றார்கள். மிருகக்காட்சிச்சாலையில் நானே பார்த்திருக்கிறேன், சிங்கம் தாராளமாக அப்படிக் கிடக்கும். அந்தக் குறையை விட்டுவிடலாம். ஆனால் இன்னொன்று சொன்னார்கள்: முன்கால்களை நீட்டித் தலையை நிமிர்த்திக் கிடக்கும் சிங்கத்தின் முதுகு மேலே வளைந்து இருக்க வேண்டும், லான்ட்சீரின் சிங்கங்களுக்கோ முதுகு பள்ளமாகக் கிடக்கிறது. இதில் அவர்கள் சொன்னதுதான் சரி. அந்த முதுகு பழைய சாக்குக் கட்டிலைப் போலத் தொய்ந்துதான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், சதுக்கம் சிங்கங்களின் கைக்கு மாறியது அந்தப் பிழையால்தான். உடற்கூறு தெரிந்த சிற்பி ஒருவர் முதுகை வளைத்துச் செய்திருந்தால் ஏறியவன் வழுக்கி விழுந்திருப்பான். ஓவியரின் கைத்தவறு ஆளுக்கு இருக்க இடம் செய்து கொடுத்துவிட்டது. ஒரு பிள்ளை வசதியாக இருக்கலாம், இரண்டு மூன்று பேர் வரிசையாகவும் இருக்கலாம். உயரமும் அப்படி: சிரமப்பட்டால் எட்டும், சிரமப்படாமல் எட்டாது. பதினாறு வயதுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நெல்சனை மேலே கொண்டுபோய் வைத்ததே மரியாதைக்காக. அந்த மரியாதையாலேயே அவர் முகம் எப்படி என்று லண்டனில் ஒருவருக்கும் தெரியாது.

இதற்கு நல்ல சாட்சி உண்டு. தூண் 185 அடி உயரம் என்று தலைமுறை தலைமுறையாகப் புத்தகங்கள் எழுதி வந்தன. 2006 இல் திருத்த வேலைக்காகச் சாரம் கட்டி அளந்து பார்த்தபோது 169 அடிதான் வந்தது. பதினாறு அடி குறைந்து நின்றதை இத்தனை காலமும் ஒருவரும் கவனிக்கவில்லை. சிங்கத்தின் வாலில் ஒரு சாண் குறைந்திருந்தால் அடுத்த நாளே பத்திரிகையில் வந்திருக்கும்.

லான்ட்சீரின் கடைசி வருடங்களைப் பற்றி எழுதக் கை வரவில்லை. 1872 இல் குடும்பத்தார் அவரைப் புத்தி பேதலித்தவர் என்று சட்டப்படி அறிவிக்க வைத்தார்கள். 1873 ஒக்டோபர் முதலாம் திகதி இறந்தார். சென் போல் பேராலயத்தில் அடக்கம் நடந்தது. அன்று சதுக்கத்துச் சிங்கங்களுக்கு மலர்வளையம் சாத்தினார்கள். செய்தவருக்காகச் சிலைகள் துக்கம் கொண்டாடியதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

சிங்கங்கள் வருவதற்கு முன்பே சதுக்கம் சனம் கூடும் இடமாகிவிட்டது. 1848 மார்ச்சில் வருமான வரிக்கு எதிராகக் கூடிய கூட்டம் கலவரமாக மாறியது. சதுக்கத்தில் இரண்டு பெரிய நீரூற்றுக்களை வைத்ததே கூட்டம் நிற்கும் இடத்தைக் குறைக்கத்தான் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு. சிங்கங்கள் வந்த பிறகு அடிப்பீடம் நல்ல மேடையானது. இரண்டு சிங்கங்களுக்கு நடுவே ஏறி நின்றால் முழுச் சதுக்கமும் முன்னால் தெரியும். 1887 நவம்பர் 13 ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாதவர்களும் அயர்லாந்துக்காகக் குரல் கொடுத்தவர்களும் தடையை மீறி அங்கே வர முயன்றபோது பொலிஸும் பட்டாளமும் அடித்துக் கலைத்தன. 'இரத்த ஞாயிறு' என்று அதற்குப் பெயர் விழுந்தது. 1892 இல்தான், நிபந்தனைகளோடு, கூட்டம் வைக்கும் உரிமை திரும்பியது. 1908 இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட எம்மலின் பாங்கர்ஸ்ட் அந்த அடிப்பீடத்தில் நின்று பேசி, அந்தப் பேச்சுக்காகச் சிறைக்குப் போனார். 1938 இல் நேருவும் அங்கே பேசியிருக்கிறார், ஸ்பெயின் மக்களுக்காக. பிரித்தானியப் பேரரசின் சிங்கங்களுக்கு முன்னால் நின்று பேரரசை எதிர்த்த மனிதர் பேசியது எனக்குப் பிடித்த காட்சி. கலவரம் நடந்தாலும் பேச்சு நடந்தாலும் அவை வாயைத் திறந்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் கிடக்கும்.

2009 வசந்தத்தில் எங்கள் சனம் இரவும் பகலும் நின்றது இந்தச் சதுக்கத்தில் இல்லை, வைட்ஹாலின் மறுமுனையில், பாராளுமன்றச் சதுக்கத்தில். வன்னியில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி நின்றார்கள். அப்போது அங்கே இருந்த சிலைகள் எல்லாம் கனவான்கள். ஏறி இருக்கவும் முடியாது, சாயவும் முடியாது. வேலைக்குப் போகுமுன் நானும் போய் நிற்பேன். பிறகு வைட்ஹால் வழியாக நடந்து மேலே வந்து பஸ்ஸை எடுப்பேன். அதைப் பற்றி இங்கே அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஒரு சிலை வெறும் சிலையாக இருப்பதில்லை என்பது எங்கள் ஊர்க்காரனுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 2005 மே மாதம் திருகோணமலைப் பட்டினத்தில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட, இரவோடிரவாக ஒரு புத்தர் சிலை எழுந்தது. கடையடைப்பு, ஊர்வலம், வழக்கு, முட்கம்பி என்று அது எங்கே போய் முடிந்தது என்பதை ஊரில் இருந்தவர்கள் அறிவார்கள். இடம் யாருடையது என்று அறிவிக்கத்தான் சிலை வைப்பது. ட்ரஃபல்கர் சதுக்கமும் அதற்காகக் கட்டியதுதான்: கடல் எங்களுடையது என்று சொல்ல. சுற்றியுள்ள மற்றச் சிலைகளைப் பாருங்கள். 1857 இல் இந்தியாவில் கிளர்ந்தவர்களை அடக்கிய ஹவ்லொக் ஒரு மூலையில், சிந்து மாகாணத்தைப் பிடித்த நேப்பியர் இன்னொரு மூலையில். 2000 ஆம் ஆண்டில் நகர மேயர் கென் லிவிங்ஸ்ரன், இந்த இரண்டு தளபதிகளும் யாரென்றே தனக்குத் தெரியாது, எடுத்துவிடலாம் என்று சொல்லிச் சர்ச்சை கிளப்பினார். எடுக்கவில்லை. அவர்கள் நிற்பதும் எடுபட்டதும் ஒன்றுதான். அவர்களின் பீடத்தில் சாய்ந்து நின்று சனம் சிங்கத்தைத்தான் படம் பிடிக்கிறது.

சிங்கம் என்றாலே எங்கள் ஆட்களில் சிலருக்கு முகம் சுருங்கும். வாள் பிடித்த சிங்கம் ஒன்றைக் கொடியில் பார்த்துப் பழகியவர்கள். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது சதுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச நேரம் எட்ட நின்று பார்த்தா. பிறகு கிட்டப் போய் நான்கையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தா, கோவில் பிரகாரம் மாதிரியே வலமாக.

"தம்பி, இதுகளின்ரை கையிலை வாள் ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை அம்மா."

"அப்ப பரவாயில்லை. பாவம், குளிருக்கை கிடக்குதுகள்."

பழைய சதுக்கத்தைப் பார்த்தவர்களுக்குப் புறாக்கள் ஞாபகம் இருக்கும். ஒரு காலத்தில் 35,000 வரை இருந்ததாகக் கணக்கிட்டார்கள். சிங்கங்களின் தலை எந்நேரமும் வெள்ளையாய் இருக்கும். தீனி விற்றவர்களை 2001 இல் நிறுத்தி, 2003 இல் தீனி போடுவதையே தடைசெய்தார்கள். புறாவைக் கலைக்கப் பருந்து வளர்ப்பவர்களைக் கூலிக்குப் பிடித்தார்கள். அரசரின் பருந்துகள் இருந்த அதே நிலத்துக்கு, சில நூற்றாண்டு கழித்து, பருந்து உத்தியோகத்துக்கு வந்தது. அதே 2003 இல் ஓவியக்கூடத்துக்கு முன்னால் போன றோட்டை மூடிப் படிக்கட்டு ஆக்கினார்கள். அதுவரை சதுக்கம் வாகனங்களுக்கு நடுவே அகப்பட்ட ஒரு தீவு. சாரதிகளாகிய நாங்கள் சுற்றிப் போக வேண்டி வந்ததென்று திட்டினோம். ஆனால் சனத்துக்கு அது நல்ல காரியம். சிங்கங்களிடம் வண்டில் பிள்ளையோடும் வரலாம் என்றானது.

வந்தார்கள், ஏறினார்கள். நூற்றைம்பது வருடமாக ஏறுகிறார்கள். 2011 இல் நகர நிர்வாகத்துக்காகச் செய்த ஆய்வு, சிங்கங்களின் முதுகில் வெடிப்பும் தேய்வும் கண்டு, ஏறுவதைத் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏறாதே என்று சொல்வது சரிதான். ஆனால் நள்ளிரவு தாண்டிய பிறகு, காற்சட்டைக்குள் மழை இறங்க, நண்பனின் தோளில் மிதித்துச் சிங்கத்தின் கழுத்தைக் கட்டிப்பிடிக்கும் பெடியனிடம் போய் அதைச் சொல்ல என்னிடம் வாய் இல்லை. என் பஸ்ஸில் ஏறி வாந்தி எடுக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தேன்.

2018 செப்ரெம்பரில் ஐந்தாவது சிங்கம் ஒன்று சில நாட்களுக்கு வந்து நின்றது. எஸ் டெவ்லின் என்ற கலைஞர் செய்தது. கண்ணைக் கூசும் சிவப்பு. வந்தவர்கள் ஆளுக்கொரு சொல்லை அதற்குக் கொடுக்க, கணினி அந்தச் சொற்களைக் கோத்து வரியாக்கி அதன் வாயில் ஒளிரவிட்டது. இரவில் அந்த எழுத்துகள் தூணிலும் விழுந்தன. எனக்கு அது பெரிதாகப் பிடிக்கவில்லை. வாய் பேசாமல் கிடப்பதுதான் மற்ற நான்கின் கெட்டித்தனம். ஆனால் வரிசை நீளமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். கனடாவிலிருந்தோ ஊரிலிருந்தோ யாராவது வந்தால் சதுக்கத்தைக் காட்டுகிற பொறுப்பு என்னுடையதாகிவிட்டது. பிள்ளைகள் நேரே சிங்கத்துக்கு ஓடும். நான் விடுவதில்லை. முதலில் தெற்குப் பக்கம் கூட்டிப்போய், துப்பாக்கியோடு நிற்கும் அந்தக் கறுப்பு மாலுமியைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். முதலில் கண்டவருக்குச் சொக்லேற். அதற்குப் பிறகு சிங்கத்துக்குப் போகலாம்: முதுகில் ஏறக்கூடாது, முன்காலில் சாய்ந்து நின்று படம் எடுக்கலாம். ஐந்து நிமிடம் தாய்தகப்பனோடு நான் கதைத்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஒருத்தி எப்படியோ முதுகில் இருப்பாள்.